மரபைக் காக்கும் செலவு யாருடையது?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மாவட்டங்களில் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய வரலாற்றைத் தாங்கி நிற்கும் ஊர்களுள் பாலக்காட்டுக் கல்பாத்தியும் இடுக்கி மாவட்டத்து மறையூரும் குறிப்பிடத்தக்கவை. முன்னது ஆற்றங்கரை அக்கிரகாரம். பின்னது மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. இரண்டும் தோற்றத்தில் வேறுபட்டிருப்பினும், அவற்றை எதிர்நோக்கும் வினா ஒன்றே. மரபுச் சின்னங்களால் விளையும் பயன் நாடு முழுமைக்கும் உரியது; அவற்றைக் காக்கும் செலவை ஏற்க வேண்டியவர் யார்?

கல்பாத்தியின் வீடுகள்

"காசியில் பாதி கல்பாத்தி" என்பது பாலக்காட்டில் வழங்கும் பழமொழி. கல்பாத்தி ஆற்றங்கரையிலுள்ள விசுவநாத சுவாமி கோயில் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்தது என்பது மரபு. தமிழகத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் கோயிலைச் சுற்றி வீதிகளை அமைத்தன. ஐப்பசித் திங்களில் நிகழும் தேர்த் திருவிழா, மயிலாடுதுறைத் திருவிழாவின் முறையைத் தழுவியது. அவ்வமயம் நாட்டின் பல பகுதிகளில் பணியாற்றுவோரும் ஊர் திரும்புகின்றனர்.

கல்பாத்தியைக் கேரள அரசு பாரம்பரியக் கிராமமாக அறிவித்தது. இதனை ஊரார் பெருமையுடன் வரவேற்றனர். எனினும், பாதுகாப்புக் கட்டுப்பாடுகளின் சுமையை விரைவிலேயே உணரவும் தலைப்பட்டனர். இங்குள்ள வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. அண்டை வீடுகளுக்குப் பொதுச் சுவரும் உண்டு. ஒரு வீடு பழுதுபட்டால் அடுத்த வீட்டின் உறுதியும் குன்றுகிறது. மரத்தூண், திண்ணை, ஓட்டுக்கூரை ஆகியவற்றைப் பழைய முறைப்படி பழுதுபார்க்கத் தேர்ந்த தச்சரும் கொத்தரும் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி மிகுதி. மாற்றிக் கட்ட விழைவோர் ஒப்புதலுக்காகக் காத்திருக்க நேர்கிறது. வீட்டில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியோர். வீதியின் அழகைக் கண்டு மகிழ்வோர் பலர். கூரை ஒழுகும்போது செலவிடுவோர் அவ்வீட்டார் மட்டுமே.

பொருளியல் நோக்கில் இதனை விளங்கிக்கொள்வது எளிது. பயன் பொதுவாகவும் செலவு தனியாகவும் அமையும் எப்பொருளும் நாளடைவில் பராமரிப்பின்றித் தேயும். சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம். பழுதுபார்க்கும் பணத்தை அதனால் உண்டாக்க இயலாது. தடை மட்டும் இருந்து உதவி இல்லாதபோது, வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்வதே உரிமையாளருக்கு எளிய வழியாகிவிடுகிறது.

மறையூரின் சந்தனமும் கல்லறையும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு செல்லும் சாலையில் மறையூர் அமைந்துள்ளது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகியவை அஞ்சுநாடு எனப்படும். தம் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது அஞ்சுநாட்டு மக்களின் வாய்மொழி மரபு. அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பள்ளத்தாக்கில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு, பாறைகளின் மேல் நிற்கும் முனியறைகள் சான்று பகர்கின்றன. பக்கங்களில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே பெரும் பலகையொன்றை மூடியாக வைத்த பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இவை. இவ்வட்டாரத்தில் பாறை ஓவியங்களும் உள்ளன.

இதே மண்ணில்தான் கேரளத்தின் புகழ்பெற்ற சந்தனக் காடுகளும் உள்ளன. அவற்றைக் காக்க 2005ஆம் ஆண்டில் தனி வனக்கோட்டம் ஏற்படுத்தப்பட்டது. கம்பிவேலியும் காவலும் உண்டு; பழங்குடி மக்கள் காவலர்களாகப் பணிபுரிகின்றனர். சந்தனத்திற்கு ஏலத்தில் விலை உண்டு. ஆகவே காவலுக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. முனியறைக்குச் சந்தையில் விலை இல்லை. மூடுகல் சரிந்தாலும், வருவோர் தம் பெயரைக் கல்லில் கீறிச் சென்றாலும் அவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வெட்டப்பட்ட மரத்திற்கு ஈடாகப் புதுக்கன்று நடலாம். உடைந்த முனியறைக்கு மாற்றில்லை.

ஊரின் பெயருக்கே பொருளாதார மதிப்பு உண்டு என்பதற்கும் மறையூர் எடுத்துக்காட்டாகும். இங்குக் காய்ச்சப்படும் வெல்லத்திற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்து வெல்லத்தை மறையூர் வெல்லம் என விற்பதைத் தடுக்கவும், உழவர்க்கு உரிய விலை கிட்டவும் இது துணைசெய்யும். மரபின் பயன் அதனைக் காப்போரைச் சென்றடைவதற்கு இது ஒரு வழி.

புதுச்சேரி காட்டும் பாதை

கட்டடங்களைப் பொறுத்தவரை, கடற்கரை நகரமான புதுச்சேரியின் அனுபவம் கருதத்தக்கது. அங்குத் தமிழர் வாழ்பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துவந்தன. இந்நிலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன், நகராட்சியும் கலை, பண்பாட்டு மரபுக்கான இன்டாக் அமைப்பும் இணைந்து 2002 முதல் 2004 வரை ஒரு திட்டத்தைச் செயற்படுத்தின. வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகள் பழைய வடிவில் சீரமைக்கப்பட்டன. செலவின் ஒரு பகுதியைத் திட்டமும் மறுபகுதியை உரிமையாளர்களும் ஏற்றனர். 2008இல் இவ்வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. செலவு பகிர்ந்துகொள்ளப்பட்டதால், வீட்டார் தடைக்கு உட்பட்டவர்களாக இல்லாமல் திட்டத்தின் பங்காளிகளாயினர்.

செய்யத்தக்கவை

நாட்டின் கூட்டுப் பண்பாட்டு மரபைப் போற்றிக் காப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் கூறியது. இக்கடமையை நிறைவேற்ற அரசும் உள்ளாட்சிகளும் வழிவகுக்க வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு வீட்டையும் முனியறையையும் அளந்து, படமெடுத்து, பதிவேட்டில் சேர்த்தல் வேண்டும். எது உள்ளது என்பதை அறியாமல் எது அழிந்தது என்பதைக் கூற இயலாது. இரண்டாவதாக, சிறு பழுதுகளுக்கான மாதிரி வரைபடங்களை வெளியிட்டு, அவற்றுக்கு உட்பட்ட பணிகளுக்கு உள்ளூரிலேயே விரைந்து ஒப்புதல் அளிக்கலாம். மூன்றாவதாக, மரபு வீடுகளைப் பேணுவோருக்குச் சொத்து வரிச் சலுகையும் குறைந்த வட்டிக் கடனும் வழங்கலாம். நான்காவதாக, சந்தனக் காட்டைக் காப்பதுபோல் முனியறைகளையும் காக்க உள்ளூர் மக்களை ஊதியத்துடன் நியமித்தல் நன்று. சுற்றுலாவால் வரும் வருவாயின் ஒரு பங்கை இப்பணிகளுக்கென ஒதுக்குவதும் பொருந்தும்.

இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஆனால் அச்செலவு ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவரின் தோளில் மட்டும் விழும்போது தாங்க இயலாததாகிறது. அதனைப் பொதுநிதியும் பகிர்ந்துகொள்ளும் நாளில்தான், பாரம்பரியக் கிராமம் என்னும் அறிவிப்பு அங்கு வாழ்வோருக்கும் பயன் தருவதாக அமையும்.