சிறுநீருக்கும் ஒரு காலம் இருந்தது

கழுவாமல் கிடக்கும் பொதுக் கழிப்பறையைக் கடக்கும்போது மூக்கைத் துளைக்கிறதே, அது சிறுநீரின் இயல்பான வாடை அல்ல. உடலிலிருந்து அப்போதுதான் வெளியேறிய சிறுநீருக்கு வாடை மிகக் குறைவு. அதைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால்தான் அந்த நெடி பிறக்கிறது. அது அமோனியாவின் நெடி. இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும் இந்தப் பொருளை ஐரோப்பாவில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பானையில் சேர்த்தார்கள், பீப்பாயில் ஏற்றினார்கள், அதற்கு வரிகூடக் கட்டினார்கள்.

நெடி எப்படிப் பிறக்கிறது? வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் தண்ணீர். மிச்சத்தில் முக்கியமானது யூரியா. தினமும் 20 முதல் 30 கிராம் வரை போகிறது. பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள புரதம் உடலில் சிதையும்போது அமோனியா உண்டாகும். அது நஞ்சு. ஆகவே கல்லீரல் அதை உடனுக்குடன் யூரியா என்னும் சாதுவான பொருளாகக் கட்டி, சிறுநீரகத்தின் வழியே வெளியே அனுப்பிவிடுகிறது. வெளியில் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்து, அமோனியாவை மீண்டும் வெளியே விடுகின்றன.

யூரியாவைத் தூய தண்ணீரில் கரைத்து வைத்தால், அது தானாகச் சிதையப் பல ஆண்டுகள் ஆகும். பாக்டீரியாக்கள் அதைச் சில நாட்களிலேயே முடிக்கின்றன. அவற்றின் கையிலிருக்கும் கருவியின் பெயர் யூரியேஸ். இது ஒரு நொதி, அதாவது வேதிவினையை விரைவாக்க உயிர்கள் தமக்குள் தயாரித்துக்கொள்ளும் பொருள். நொதிகள் எதனால் ஆனவை என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் 1926இல் அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு கொட்டையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதம்தான் என்று காட்டினார். உலகில் முதன்முதலாகப் படிகமான நொதி அதுவே. இடதுகைப் பழக்கமுள்ள சம்னர் பதினேழு வயதில் வேட்டை விபத்தில் அந்த இடது கையையே இழந்தவர். வலது கையைப் பழக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தவருக்கு 1946இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது.

புதுச் சிறுநீர் இலேசான அமிலத்தன்மை கொண்டது; பழசாகப் பழசாக அமோனியா சேர்ந்து காரமாகிவிடும். காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் சோப்புப் போன்ற ஒரு பொருள் உருவாகும். துணி துவைக்கச் சோப்பு போடும் வழக்கம் வராத ரோமில் சலவைக்காரர்களுக்கு இந்தக் காரம்தான் கை கொடுத்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் அவர்களுடைய சலவைக்கூடங்கள் அப்படியே அகப்பட்டிருக்கின்றன. குட்டைச் சுவர்களுக்கு நடுவே தொட்டி. தொழிலாளி சுவர்களைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, கார நீரில் ஊறிய கம்பளி ஆடைகளை மணிக்கணக்கில் காலால் மிதிப்பார். அலசி முடித்ததும், வெள்ளை ஆடைகளைப் பிரம்புக் கூண்டின்மேல் விரித்து அடியில் கந்தகம் புகைத்து வெளுப்பாக்குவதும் உண்டு. மேல்தட்டு ரோமானியர் பெருமையோடு போர்த்திக்கொண்ட அங்கியின் வெண்மைக்குப் பின்னால் இந்தக் கால்கள் இருந்தன.

இவ்வளவு தேவை உள்ள சரக்கை அரசு சும்மா விடுமா? பேரரசர் வெஸ்பாசியன் பொதுக் கழிப்பிடச் சிறுநீருக்கு வரி விதித்தார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரியில் வந்த நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி, நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டாராம். வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்த கதை இது. பிற்காலத்தில் பாரிஸ் தெருக்களில் ஆண்களுக்கென்று வைத்த சிறுநீர்க் கழிப்பிடங்கள் அந்தப் பேரரசரின் பெயராலேயே வழங்கின. கட்டடம் எழுப்பியவர்களுக்குக்கூட இப்படியொரு நினைவுச்சின்னம் அமைவது அரிது.

தமிழ்நாட்டு வண்ணார் இதே வேலைக்கு உவர்மண்ணைக் கண்டுகொண்டார்கள். தரையிலேயே காரம் பூத்துக் கிடந்த ஊரில் அதை அள்ளி, வெள்ளாவி வைத்துத் துணியை வெளுத்தார்கள். அந்த வசதி இல்லாத குளிர்நாடுகள் பானையை நம்பின. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் புதிதாய் நெய்த கம்பளியைப் பழைய சிறுநீரில் நனைத்து, பெண்கள் நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து தாளத்தோடு அடிப்பார்கள். கம்பளி மயிரின் கொழுப்பு நீங்கும். இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணி இறுகும். கை சோராமலிருக்க அவர்கள் பாடிய பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன.

சாயப்பட்டறையில் நடந்தது இதைவிட விந்தை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. பழைய சிறுநீரில் அதைப் போட்டு மிதமான சூட்டில் வைத்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதன் வேதி அமைப்பை மாற்றிக் கரையக்கூடிய வடிவாக்கும். அமோனியா அதைக் கரைத்து வைத்திருக்கும். அப்போது பானையில் நீலமே இருக்காது, மஞ்சளும் பச்சையும் கலந்த நீர்தான். முக்கி எடுத்த நூல் காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் இதற்கு ஊறவைத்த தகரை விதையையும் சுண்ணாம்பையும் கூட்டினார்கள்: விதையிலிருந்து நுண்ணுயிர், சுண்ணாம்பிலிருந்து காரம். பானைச் சிறுநீர் அந்த இரண்டு வேலையையும் தானே பார்த்தது.

ஆனாலும் என்னை மிகவும் வியக்கவைப்பது படிகாரத்தின் கதை. சவரக் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். சாயத்தைத் துணியோடு பிணைக்கும் நிறமூன்றியாக அது இல்லாவிட்டால் பல சாயங்கள் முதல் துவையலிலேயே போய்விடும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1871 வரை இதைத் தயாரித்தார்கள். பாறையை வெட்டி மலைபோலக் குவித்து, விறகு மூட்டிச் சுமார் ஒன்பது மாதம் கனியவிடுவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் அலுமினிய சல்பேட் கரைந்து வரும். அது படிகாரமாக உறைய வேண்டுமென்றால் இன்னொரு பொருள் வேண்டும்: கடற்பாசிச் சாம்பலின் பொட்டாசியம், அல்லது பழைய சிறுநீரின் அமோனியம். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் கொண்டவை. ஒரே அச்சில் அறுத்த இரண்டு சூளைச் செங்கல்போல, படிகத்தின் சுவரில் எதை வைத்தாலும் கட்டு குலையாது. ஒரு கடற்கரைத் தொழிலுக்குத் தேவையான சிறுநீர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது.

காய்ச்சும் பதத்தைப் பிடிப்பதில்தான் கைத்திறமை. கூடுதலாகச் சுண்டினால் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்து உறைந்து படிகாரம் கெட்டுப்போகும். குறைவாகச் சுண்டினால் எதுவுமே உறையாது. வெப்பமானியோ அடர்த்திமானியோ கையில் இல்லாதவர்கள் ஒரு கோழிமுட்டையைக் கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். முட்டை மிதந்தால் பதம் சரி.

சிறுநீர் போர்க்களத்துக்கும் போனது. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. சிறுநீர் ஊறிய தொழுவ மண்ணில் வேறு வகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும். இங்கிலாந்தில் அரசாணை பெற்ற ஆட்கள் தொழுவங்களையும் புறாக்கூண்டுகளையும் வீட்டுத் தரைகளையும் தோண்டினார்கள். 1626இல் முதலாம் சார்லஸ் மன்னர், குடிமக்கள் சிறுநீரைச் சேமித்துத் தர வேண்டும் என்று ஆணையே போட்டார். பின்னர் பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக வெடியுப்பை ஏற்றி வந்த பிறகுதான் ஆங்கிலேயரின் வீட்டுத் தரைகள் தப்பின.

பானைகளின் காலம் முடிந்ததற்குக் காரணம் நிலக்கரி. 19ஆம் நூற்றாண்டில் தெருவிளக்குகளுக்காக நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்தபோது, கழிவாக அமோனியா நீர் ஏராளமாக மிஞ்சியது. யாரும் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே, 1828இல், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் வோலர் உடலின் உதவியில்லாமல் கண்ணாடிக் குடுவையிலேயே யூரியாவை உண்டாக்கிவிட்டிருந்தார்.

இன்று அந்த யூரியா 45 கிலோ மூட்டையாக உரக்கடைக்கு வருகிறது. ஒரு மனிதர் தம் சிறுநீர் வழியே ஒரு மூட்டை யூரியாவைத் தர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். வயலில் தூவியதும் மண்ணிலுள்ள யூரியேஸ் அதைச் சில நாட்களில் அமோனியாவாக உடைக்கிறது. அதை நைட்ரேட்டாக மாற்றுபவை, மன்னரின் ஆட்கள் நம்பியிருந்த அதே வகைப் பாக்டீரியாக்கள். அவை அவசரப்பட்டால் நைட்ரேட் பயிருக்குக் கிடைக்காமல் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அவற்றின் வேகத்தைக் குறைக்கத்தான் 2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறது அரசு.