உர மூட்டையும் தோளும்

பண்டம் விற்பார் பலர். மண்ணின் பசியறிந்து வாணிகம் செய்தவர் ஆல்பிரட் பௌர். சுவிட்சர்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த அவர், 1897-இல் உர நிறுவனமொன்றைத் தொடங்கினார். கொழுந்து கிள்ளக் கிள்ள மண் தழைச்சத்தை இழக்கும். ஆதலின் தேயிலை பெருகப் பெருக உர வாணிகமும் வளர்ந்தது. அவர் திரட்டிய கீழைநாட்டுக் கலைச்செல்வங்களுக்கு 1964-இல் ஜெனீவாவில் அருங்காட்சியகமே திறக்கப்பெற்றது.

பதுளைத் தோட்டமொன்றின் செங்குத்தான சரிவில் உரமூட்டை சுமந்தவர் என் பாட்டனார். அவரும் கடல்கடந்து வந்தவரே. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ அவரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கிய 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காண அவர் இல்லை.

ஊவாவின் வாணிக வரலாறு எழுதப்புகும் மாணவர்காள்! முதலிட்டவர் பெயரை எழுதுங்கள். சுமந்த தோளையும் மறவாதீர்.