கப்பற் குறிப்பேடும் கணினிக் குறிப்பேடும்

திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில், சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை ஏற்றிவந்த கப்பலொன்றின் விளக்குகள் தூரத்தே ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கிய ஒரு மாலைப்பொழுதில், என் மடிக்கணினியிலுள்ள லினக்ஸ் இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. நானும் ஆட்சேபம் எதுவுமின்றிச் சம்மதித்துவிட்டுத் தேநீர் அருந்த எழுந்துபோனேன். கால்மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து கணினியை மறுபடி தொடக்கியபோது, எழுத்துகள் முன்போலவே அழகாகவும் கோப்புகள் இருந்த இடத்திலேயே பத்திரமாகவும் இருக்க, திரையின் மேல்மூலையில் வைஃபையைக் குறிக்கும் அந்தச் சிறு விசிறி அடையாளம் மாத்திரம் மறைந்துபோயிருந்தது.

இத்தகைய சந்தர்ப்பத்தில் மனிதர் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். ரவுட்டரை அணைத்து ஏற்றினேன். கணினியை அணைத்து ஏற்றினேன். பிறகு இரண்டையும் சேர்த்து அணைத்து ஏற்றினேன். இயங்குதளத்தையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா என்று சித்தம் கலங்கிய நிலையில், கொழும்பிலே கணினித் துறையில் உத்தியோகம் பார்க்கும் என் பெறாமகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பெரியப்பா, இனி ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ. முதல்ல லொக்கை வாசியுங்கோ, என்ன நடந்ததெண்டு அதில எழுதியிருக்கும்" என்றான்.

அவன் சொன்ன அந்தச் சொல் கப்பலிலே பிறந்த சொல். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கப்பலின் வேகத்தை அறிய விரும்பிய மாலுமிகள், சம இடைவெளியில் முடிச்சுகள் இடப்பட்ட நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிப் பின்புறமாகக் கடலில் எறிந்து, மணற்கடிகாரம் வடிந்து தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவிச் சென்றன என்று எண்ணி, அந்தக் கணக்கை ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்தில் கட்டைக்கு வழங்கிய லொக் என்னும் பெயரே நாளடைவில் அந்தப் புத்தகத்துக்கும் ஆகிவந்தது. நம் இலக்கண நூலார் ஆகுபெயர் என்பது இதனைத்தான். முடிச்சு என்ற சொல்லோ இன்றுவரை கப்பல் வேகத்தின் அளவையாகவே நிலைத்துவிட்டது. காற்றும் திசையும் விபத்தும் பழுதும் நேரத்தோடு பதிவாகும் அந்தக் கப்பற் குறிப்பேட்டைப் போலவே, கணினியும் தனக்கு மின்சாரம் வந்த கணம் முதலாக, எந்தச் சாதனத்தைக் கண்டது, எதை எழுப்பியது, எது பதில் சொல்லவில்லை என்பவற்றையெல்லாம் விநாடியின் நுண்பகுதி வரை கணக்கிட்டு எழுதிக்கொண்டே போகிறது. எழுதுவதில் அது சலிப்பதில்லை. வாசிப்பதில்தான் நாம் சலிக்கிறோம்.

என் கணினி இழந்திருந்த கம்பியில்லாத் தொடர்பு என்பது திருகோணமலைக்குப் புதிய விஷயமன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி, ஜப்பானியக் கப்பற்படை நெருங்குவதைக் கண்ட ரோந்து விமானமொன்று வானொலி வழியே அனுப்பிய எச்சரிக்கையின் பேரில், துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் அன்றிரவே வெளியேற்றப்பட்டன. மறுநாட் காலையில் இங்கே குண்டுகள் விழுந்தன. அவ்வாறு வெளியேறிய கப்பல்களுள் ஒன்றான ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் அகப்பட்டு மூழ்கியது. யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில், பூமிக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொள்ளும் செயற்கைக் கோள்களைக் கொண்டு உலகம் முழுவதையும் வானொலியால் இணைக்கலாம் என்று எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் இத்தீவுக்கு வந்து, கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் அடியிலுள்ள கடலில் மூழ்கி, புராதன ஆலயத்தின் சிதைந்த கற்களைக் கண்டார். பிற்காலத்தில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி, தன் நிகழ்ச்சிகளை ஆசியாவுக்கு அஞ்சல் செய்யும் நிலையமொன்றை இம்மாவட்டத்திலேயே நிறுவி நெடுங்காலம் நடத்தியது. இவற்றுள் எதிலும் ஆகாயத்தில் அலை ஓடியது மாத்திரம் தொடர்பாகிவிடவில்லை. அனுப்புகிறவரும் ஏற்கிறவரும் அலைவரிசையிலும் சங்கேதத்திலும் நேர ஒழுங்கிலும் முன்கூட்டியே உடன்பட்டிருந்தமையால்தான் அலை செய்தியாயிற்று.

வீட்டிலுள்ள வைஃபையின் சூட்சுமமும் இதுவே. 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய அரைச் சாண். 5 ஜிகாஹேர்ட்ஸ் அலை அதிலும் பாதி. இந்த அலைகளை எழுப்பவும் ஏற்கவும் கணினிக்குள் ஒரு சிறிய அட்டை இருக்கிறது. அந்த அட்டைக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருக்கிறது. அதற்கு உயிரூட்டுகிற ஃபேர்ம்வேர் என்னும் கட்டளைத் தொகுப்பைப் பெரும்பாலும் பெரிய கணினிதான் ஒவ்வொரு முறையும் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. அட்டையின் பாஷையை இயங்குதளத்துக்கும் இயங்குதளத்தின் பாஷையை அட்டைக்கும் மொழிபெயர்க்கும் துபாஷியாக டிரைவர் என்னும் இயக்கி நிற்கிறது. இவை யாவும் ஒழுங்கானபின், கடவுச்சொல்லைக் காட்டி ரவுட்டரிடம் அனுமதி பெறும் நிரலொன்று கடைசியாக வருகிறது. ஆக, அட்டை, ஃபேர்ம்வேர், டிரைவர், அனுமதி பெறும் நிரல் என்னும் நால்வரும், அவர்களுக்கெல்லாம் தலைமை வகிக்கும் கர்னலும் உடன்பட்டால்தான் அந்தச் சிறு விசிறி திரையில் விரியும். புதுப்பித்தல் என்பது இவர்களுள் ஒருவரை மாற்றிவிட்டு, மற்றவர்கள் அனுசரித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது.

கர்னல் என்ற சொல்லுக்குக் கொட்டைக்குள்ளிருக்கும் பருப்பு என்பது பொருள். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய இந்தப் பருப்பு, இன்று உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோரின் கைவண்ணத்தால் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதன் சம்பிரதாயத்தில் கவனிக்கத்தக்க ஒரு பேதம் உண்டு. கர்னலுக்கு வெளியே இயங்கும் சாதாரண நிரல்களுக்கு அது ஒரு வாக்குறுதி அளித்திருக்கிறது: நேற்று ஓடிய நிரல் இன்றும் ஓட வேண்டும் என்பதில் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். ஆனால் கர்னலுக்குள்ளே உறுப்புக்கு உறுப்பு பேசிக்கொள்ளும் முறைக்கு அத்தகைய வாக்குறுதி கிடையாது. நன்மை கருதி அதனை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். கர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளரும் டிரைவர்களை, மாற்றம் செய்கிறவர்களே உடனுக்குடன் திருத்திவிடுவதால் அவற்றுக்கு அபாயம் குறைவு. உற்பத்தியாளர் தனியாகக் கொடுத்து, வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தப்படும் டிரைவருக்கோ அந்தப் பராமரிப்பு இல்லை. துறைமேடையை இடித்து உயர்த்திக் கட்டிய செய்தி எட்டாத கப்பல், பழைய அளவுக் கயிற்றோடு வந்து நிற்பதுபோல அது நிற்கும்.

இவ்வளவும் விளங்கியபின் விசாரணை எளிதாயிற்று. விசாரணையின் ஒழுங்கு அடியிலிருந்து மேலே செல்வது. முதற் கேள்வி: வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு இணைப்பு இருக்கிறதா? கைத்தொலைபேசி அதே வைஃபையில் நன்றாக இயங்கியது. ஆகவே ரவுட்டரும் வெளியிணைப்பும் நிரபராதிகள். இரண்டாவது: அட்டை உயிரோடு இருக்கிறதா? கணினிக்குள் பொருத்தப்பட்ட சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையை இட்டபோது, அட்டையின் பெயர் அங்கே இருந்தது. ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே அதனை ஆளும் டிரைவரின் பெயர் எழுதப்பட்டிருக்க, இதற்குக் கீழே மாத்திரம் அந்த வரி இல்லை. மூன்றாவது: லொக் என்ன சொல்கிறது? முதல் நாள் தொடங்கியபோது எழுதப்பட்ட குறிப்பில் ஏழாவது விநாடியளவில் டிரைவர் எழுந்து அட்டையைக் கைக்கொண்ட செய்தி பதிவாகியிருந்தது. அன்றைய குறிப்பில் அந்த இடத்தில் அப்படியொரு வரியே இல்லை. பிழை நேர்ந்ததாகக்கூட எழுதப்படவில்லை. வர வேண்டியவர் வரவேயில்லை.

அடுத்துச் செய்தது ஒரு பரிசோதனை. லினக்ஸ் வகைகளுள் பெரும்பாலானவை, புதிய கர்னலை நிறுவும்போது பழையதை உடனே அழித்துவிடுவதில்லை. கணினி தொடங்கும் வேளையில் தோன்றும் பட்டியலின் உட்பிரிவில் அதனையும் வைத்திருக்கும். பழைய கர்னலைத் தெரிந்து தொடக்கினேன். விசிறி விரிந்தது. மற்றவையெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்ப்பது விஞ்ஞானத்தின் ஆதிப் பாடம். இரண்டு மணி நேரமாக ரவுட்டரை அணைத்தும் ஏற்றியும் நான் பெறாத ஞானத்தை இந்த ஒரு பரிசோதனை இரண்டு நிமிஷத்தில் தந்தது.

என் கணினியின் வைஃபை டிரைவர் வெளியிலிருந்து வந்த வகையைச் சேர்ந்தது. அத்தகைய டிரைவர்களை ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் ஏற்பத் தானாகவே மறுபடி தொகுத்துத் தர டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாடு உண்டு. ஆனால் அப்படித் தொகுப்பதற்கு, அந்தக் கர்னலின் அளவுகளைச் சொல்லும் தலைப்புக் கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும். புதிய கர்னல் வந்திருந்தது. அதன் தலைப்புக் கோப்புகள் வரவில்லை. தையற்காரர் தயாராயிருந்தும் அளவு கிடைக்காத கதை. பழைய கர்னலிலேயே இருந்துகொண்டு அந்தக் கோப்புகளைத் தருவித்து, டிரைவரைத் தொகுக்கச் செய்து, புதிய கர்னலில் மறுபடி தொடக்கியபோது எல்லாம் சரியாயிற்று. பழைய கர்னல் இல்லாதவர்களும் கலங்க வேண்டியதில்லை: கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, தொலைபேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால், கம்பியில்லா இணைப்பின் குறையைக் கம்பியைக் கொண்டே நிவர்த்தி செய்யலாம்.

எல்லாருடைய குறையும் இதுவாகவே இருக்கும் என்பதில்லை. லொக்கில், ஃபேர்ம்வேர் ஏற்றுவது தோல்வியுற்றது என்ற வாசகத்தோடு கழித்தல் இரண்டு என்னும் எண் வந்தால், அந்தப் பெயருடைய கோப்பே இல்லை என்பது அதன் தாத்பரியம். ஃபேர்ம்வேர் தொகுப்பை நிறுவுவதே மருந்து. மூலநிரல் வெளியிடப்படாத ஃபேர்ம்வேரைத் தன் நிறுவற் கோப்பில் சேர்க்காமல் நெடுங்காலம் விரதம் காத்த டெபியன் என்னும் லினக்ஸ் அமைப்புகூட, 2022இல் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வெளிவந்த தன் 12ஆம் பதிப்பிலிருந்து அதனைச் சேர்த்துக்கொண்டது. டிரைவர் இருந்தும் ஏற்க மறுக்கப்பட்டதாக லொக் சொன்னால், கையொப்பமில்லாத டிரைவரை செக்யூர் பூட் என்னும் காவல் தடுத்திருக்கக்கூடும். அட்டையும் டிரைவரும் சரியாயிருந்தும் அலை எழவில்லையெனில், விசைப்பலகையிலுள்ள விமானப் பயணப் பொத்தான் அறியாமல் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதனை ஆர்எஃப்கில் என்னும் கட்டளை சொல்லிவிடும். வீட்டில் இணையும் கணினி ஒரு கலாசாலையின் வலையமைப்பில் மாத்திரம் இணைய மறுத்தால், புதிய பாதுகாப்பு மென்பொருள் நூலகங்கள் பழைய மறையீட்டு முறைகளை ஏற்பதில்லை என்பதை நினைவுகொள்ள வேண்டும். உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் 22.04ஆம் பதிப்பு வெளிவந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்னும் அத்தகைய நூலகம் காரணமாகப் பலர் இந்தச் சங்கடத்தை அனுபவித்தார்கள்.

இவ்வளவு தூரம் ஒரு சாமானியன் தன் கணினியைக் குறுக்கு விசாரணை செய்ய முடிவது, அதன் உள்விவகாரங்கள் மறைக்கப்படாமல் இருப்பதால்தான். இதே கிழக்குக் கரையையும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் தாக்கியபோது, இலங்கைக் கணினியாளர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் கணக்கிட, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் சஹன என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது அங்கேயும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நன்மைக்கான விருதைப் பெற்றது. ஓரிடத்தில் எழுதியதை வேறோரிடத்தில் திறந்து வாசித்துத் திருத்திக்கொள்ள உரிமை இருந்தமையே அதன் பலம்.

டோர்வால்ட்ஸும், கிளார்க்கைப் போலவே, கடலில் மூழ்குவதில் பிரியமுடையவர். 2011இல் அவர் தொடங்கிய மற்றொரு மென்பொருள், மூழ்குவோர் தாம் சென்ற ஆழத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கும் குறிப்பேடுதான். எங்கள் வீட்டிலும் இப்போது மடிக்கணினியின் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. புதுப்பித்த திகதி, கர்னலின் பதிப்பெண், நேர்ந்த குறை, கண்ட மருந்து ஆகிய நான்கையும் அதில் எழுதிவருகிறேன். வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவே: இணைப்பு அறுந்தால் ரவுட்டரின் பொத்தானைத் தேடும் முன்னர் லொக்கின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள், புதிய கர்னல் ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்காதீர்கள்.