இரண்டு செல்விகளுக்குக் கல்யாணம்!

சிவகாசியில் ஓர் அச்சகம். கணக்கு எழுதுவது அடியேன். 1,000 கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர். கலர் செட்டாகும்வரை முதல் 50 தாள் பாழாகும். அது 'நார்மல் லாஸ்'. அந்தச் செலவையும் நல்ல கார்டுகள் தலையில் ஏற்றித்தான் விலையே சொல்வோம். இதுவரை பி.காம். பாடம் சுலபம்!

பெட்டி கட்டிய பிறகு பார்த்தால், மணமகனும் 'திருநிறைச்செல்வி'! ஆயிரத்துக்கும் அடக்கம் 4,800 ரூபாய்.

"ஓவர்ஹெட்ல போட்டுருங்க தம்பி" என்றார் முதலாளி. அதாவது, அடுத்து பத்திரிகை அடிக்க வருகிறவர்களெல்லாம் இந்தத் தப்புக்கு மொய் எழுத வேண்டும்!

"ஆகாது அண்ணாச்சி. இது அப்நார்மல் லாஸ். நேரா லாப நஷ்டக் கணக்குக்குத்தான் போகணும்."

"ப்ரூஃப்ல பொண்ணோட அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரே? அவர் பில்லுல ஏத்துங்க."

தப்போடு கையெழுத்திட்டிருந்தால் ஏற்றலாம்தான். ப்ரூஃபை எடுத்துப் பார்த்தேன். அதில் 'செல்வன்' சரியாகவே இருந்தது. அவர் மாற்றச் சொன்னது முகூர்த்த நேரத்தை மட்டும். திருத்துகிறேன் பேர்வழி என்று மாப்பிள்ளையை மாற்றியது நாங்கள்!

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, எழுதுங்க" என்றார்.

பழைய பேப்பர்காரர் தந்த 140 ரூபாயைக் கழித்து, நஷ்டம் 4,660 என்று எழுதினேன். ஒரே ஒரு கார்டை மட்டும் அண்ணாச்சி எடைக்குப் போடவில்லை. கம்போஸிங் மேஜைக்கு எதிரே ஒட்டிவிட்டார்.