கோடை இரவில் குழந்தையின் உறக்க உடை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பெரியவர்களாகிய நாம் நம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளை நன்கு அறிவோம். மேலாடையைக் களைகிறோம், பனை விசிறியை நாடுகிறோம், பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கோ முற்றத்திற்கோ சென்றுவிடுகிறோம். ஆனால் அதே இல்லத்தில் கிடக்கும் பச்சிளங் குழந்தை, தன்மீது சுற்றிய துணியைத் தானே விலக்கிக்கொள்ள இயலாது. புழுங்குகிறது என்று வாய்விட்டுக் கூறவும் அதற்குத் தெரியாது. ஆதலின், கோடையில் குழந்தையை எவ்வாறு உடுத்தி உறங்கவைப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றினும், ஒவ்வொரு குடும்பமும் கருத்தூன்றி அறிய வேண்டியதொன்றாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மே மாத மாலையில், வீட்டு வசதித் திட்டத்தின்கீழ்க் கட்டி முடிக்கப்பெற்ற வீடுகளைப் பார்வையிட எமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கிராம சுகாதாரச் செவிலியரும் அவ்வமயம் அங்கு வந்திருந்தார். ஒரு வீட்டில், பிறந்து நாற்பது நாளான குழந்தை ஓயாது அழுதுகொண்டிருந்தது. தலையில் கம்பளிக் குல்லாய், கைகால்களுக்கு உறைகள், உடல் முழுவதும் தடித்த துண்டு. உடல் சுடுவதைக் கண்டு காய்ச்சல் என்று அஞ்சிய பாட்டியார், மேலும் ஒரு போர்வையைப் போர்த்திச் சன்னலையும் அடைத்துவிட்டிருந்தார்.

செவிலியர் சன்னலைத் திறந்தார். குல்லாயையும் போர்வைகளையும் நீக்கினார். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றை மட்டும் விட்டுவைத்து, பால் கொடுக்குமாறு தாயிடம் கூறினார். அரை மணி நேரத்தில் அழுகை ஓய்ந்தது. வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது உடல் வெப்பம் இயல்பு நிலைக்கு இறங்கியிருந்தது. எனினும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவருமாறு சொல்லி அனுப்பினார்.

“ஐந்து பிள்ளைகளை இப்படிப் போர்த்தித்தானே ஐயா வளர்த்தேன்!” என்றார் அம்மூதாட்டி. அவர் கூற்றில் பொய்யில்லை. அவர் பிள்ளை வளர்த்தது மண் சுவரும் கீற்றுக் கூரையும் கொண்ட குடிலில். அக்கூரை பகல் வெப்பத்தைத் தேக்கி வைப்பதில்லை, விடியற்காலையில் உள்ளே குளிர் இறங்கும், போர்வையும் வேண்டியிருந்தது. காங்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலை உட்கொண்டு, இரவில் அதனை வீட்டினுள் உமிழ்கிறது. தகரக் கூரையின்கீழ் மாலைப் பொழுதும் அனலாகவே இருக்கும். வீடு மாறிவிட்டது, போர்வைப் பழக்கம் மாறவில்லை. தளத்தின் கனத்தையும் சிமெண்டின் அளவையும் சரிபார்த்த நானும், அதனடியில் உறங்கப்போகும் சிசுவைப் பற்றி அன்றுவரை எண்ணியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிசுவின் உடல் இயல்பு

குண்டானிலுள்ள நீரைவிடக் குவளையிலுள்ள நீர் விரைவில் சூடாகும்; விரைவில் ஆறவும் செய்யும். சிசுவின் உடலும் அத்தகையதே. எடையை நோக்க அதன் தோற்பரப்பு மிகுதி. வியர்த்து உடலைக் குளிரச் செய்யும் ஆற்றலும் முதிர்ச்சி பெறவில்லை. உடலோடு ஒப்பிடத் தலை பெரிதாதலால், வெப்பம் பெருமளவு தலை வழியே வெளியேறுகிறது. குல்லாய் அவ்வழியை அடைத்துவிடுகிறது. காரணம் புலப்படாமல் சிசுக்கள் உறக்கத்திலேயே இறந்துவிடும் ஆபத்தை, அளவு கடந்த போர்வையும் குப்புறப் படுத்தலும் மிகுவிக்கின்றன என்பது ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டு முதல் சிசுக்களை மல்லாந்து படுக்கவைக்குமாறு செய்யப்பட்ட பிரசாரத்திற்குப் பின்னர், அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

செய்யத்தக்கவை

புழுக்கம் மிகுந்த இரவில், கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றும், இடுப்பில் கட்டும் முக்கோணத் துணியுமே போதுமானவை. மிகுந்த வெப்பமாயின் சட்டையும் வேண்டுவதில்லை. பலமுறை துவைத்து மென்மையான வேட்டித் துணி, விலையுயர்ந்த நைலான் சட்டையினும் மேலானது. பச்சிளங் குழந்தைக்குப் பழந்துணியை இடும் நம் முன்னோர் வழக்கம் பொருளற்றதன்று. ரப்பர் விரிப்பு இடுவதாயின் அதன்மேல் பருத்தித் துணியை மடித்துப் போடுதல் நன்று. கழுத்தில் கயிறோ மணியோ இருப்பின் உறங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

தூளியில் துணி இருபுறமும் உடலைச் சூழ்ந்துகொள்வதால் காற்றோட்டம் குறைகிறது. குழந்தையின் தலையும் முன்புறம் மடிந்துவிடக் கூடும். எனவே சமதளமான, அழுத்தமான விரிப்பில், தலையணையின்றி மல்லாந்து படுக்கவைத்து, கொசுவலை கட்டிச் சன்னலைத் திறந்துவைப்பதே சிறந்தது. மின்விசிறி சுழல்வதால் தீங்கில்லை. காற்று நேரே முகத்தில் வீசாதிருந்தால் போதும்.

குழந்தைக்குப் புழுங்குகிறதா, குளிர்கிறதா என்பதை அறியக் கைகால்களைத் தொட்டுப் பார்ப்பது தவறு. அவை இயல்பாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கு வியர்வையும் சூடும் இருப்பின் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். குளிர்ந்திருப்பின் ஒன்றைக் கூட்ட வேண்டும். மழை பெய்து இரவு குளிர்ந்தாலும் இதே சோதனை வழிகாட்டும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீர் புகட்ட வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கிற்கு மேல் நீரே உள்ளது. அடிக்கடி பாலூட்டினால் போதும்.

விதிவிலக்கும் எச்சரிக்கையும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவிற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும் கதகதப்பு கூடுதலாக வேண்டும். அவர்கள் திறத்தில் செவிலியரின் அறிவுரைப்படியே நடத்தல் வேண்டும். துணிகளைத் தளர்த்திய பின்னும் சூடு தணியாவிடினும், குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பினும், சிறுநீர் குறைந்து உச்சிக்குழி அமிழ்ந்திருப்பினும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு வெப்பம் 38 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். 108 ஊர்தியை அழைக்கத் தயங்க வேண்டாம்.

இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டுவதில்லை. தளத்தின்மேல் வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிவிடும். அதனைச் செய்யக் கோடைக்கு முன் ஒரு நாள் போதும். அங்கன்வாடியில் தாய்மார் கூடும்போது பாட்டிமாரையும் அழைத்து இவற்றை எடுத்துரைத்தல் நலம். பெரும்பாலான வீடுகளில் குழந்தைக்குப் போர்வை இடுவது அவர்களுடைய அன்புக் கரங்களே அன்றோ! அவ்வன்பு மார்பைத் தொட்டறியக் கற்றுக்கொண்டால், கோடை இரவிலும் நம் குழந்தைகள் இனிது உறங்கும்.