திருப்பிச் செய்யாத மொய்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, குளமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் சாலையோரமெல்லாம் மொய் விருந்து பிளெக்ஸ்தான். ஒரே பந்தலில் நாலைந்து பேர், சில சமயம் பத்துப் பேர்கூடச் சேர்ந்து விருந்து வைப்பார்கள். ஒருபக்கம் கறிச்சோறு நடக்கும். மறுபக்கம் ஒவ்வொருவர் பெயரும் எழுதிய மேசைகள் வரிசையாக இருக்கும். மேசையில் ஒருவர் எழுதுவார், பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணுவார், இன்னொருவர் வாங்கிப் பாத்திரத்தில் போடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஊர், பெயர், தொகை. ஊரைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

போன முறை விருந்து வைப்பவர் நமக்கு ஆயிரம் செய்திருந்தால், இப்போது அந்த ஆயிரத்தைக் கொடுத்து, மேலே ஐந்நூறு புது மொய் வைக்கிறோம். பழைய கணக்கு முடிகிற அதே நொடியில் புதுக் கணக்கு ஒன்று பிறந்துவிடுகிறது. ஒருவருக்கு விருந்து வைக்கும் முறை ஐந்து வருடத்துக்கு ஒருதடவை வரும். வங்கி கொடுக்காத பணத்தை ஊர் கொடுக்கிறது. கிணறு வெட்டவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும், கடை போடவும் வட்டியில்லாமல் கிடைக்கும் முதல் அது. வடகாட்டில் 2019-ல் நடந்த ஒரு விருந்தில் கோடிக்கணக்கில் மொய் விழுந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின.

ஒரு வட்டாரத்தின் மொய் நோட்டுகளை எல்லாம் ஒன்றாக அடுக்கி, யார் யாருக்குச் செய்தார்கள் என்று பெயருக்குப் பெயர் கோடு இழுத்தால் என்ன வரும்? ஒரு வலை வரும். அந்த வலையைப் பார்த்தே, அந்த ஊரை அறியாத ஒருவர்கூட அங்கே யார் பெரியதனம் என்று சொல்லிவிடலாம். இணையத்தில் கூகுள் செய்வது ஏறக்குறைய இந்த வேலைதான். அங்கே கோடு என்பது சுட்டி. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக நாம் தட்டுகிறோமே, அந்த லிங்க்.

இணையம் பரவத் தொடங்கிய தொண்ணூறுகளில் ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் சொல்லைத்தான் பெரிதும் நம்பின. ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்று பார்த்து வரிசைப்படுத்தின. ஏமாற்ற இதைவிட எளிய வழி வேண்டுமா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைத்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, எந்திரம் மட்டும் எண்ணிக்கொள்ளும். தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996 வாக்கில் இதைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, மற்ற பக்கங்கள் அதைச் சுட்டுகின்றனவா என்று பார்த்தார்கள். அவர்களுடைய முதல் தேடுபொறியின் பெயர் பேக்ரப். பின்னிருந்து வரும் சுட்டிகளை, அதாவது பேக்லிங்குகளை, கணக்கிட்டதால் வந்த பெயர். அதன் கணக்கு முறைக்கு பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். அதை விளக்கிய கட்டுரையில் அவர்களோடு டெர்ரி வினோகிராடும், ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராஜீவ் மோத்வானியும் சேர்ந்திருந்தார்கள்.

அறிவியல் உலகுக்கு இது புதிதல்ல. எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தொகுத்தால் அறிவு எந்த வழியில் நகர்கிறது என்று தெரியும் என யூஜின் கார்ஃபீல்டு 1955-லேயே எழுதினார். தமிழுக்கும் இது புதிதல்ல. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களைத் தேடிப் பிடித்துத்தான் மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்ற நூலைத் தொகுத்தார். நூல் அழிந்துவிட்டது, ஆனால் அதைச் சுட்டிய விரல் உரைக்குள் அப்படியே நிற்கிறது. இணையத்திலும் இது அன்றாடம் நடக்கிறது. பக்கம் போய்விடும், சுட்டி மட்டும் வெறுமையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

வெறுமனே எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணினால் மறுபடி ஏமாற்றலாம். ஆகவே சுட்டுகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். பெரியவர் சுட்டினால் அதிக மதிப்பு. சரி, அவர் பெரியவர் என்று எப்படித் தெரியும்? அவரைப் பெரியவர்கள் சுட்டுவதால். இது தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கிறதே! இந்தச் சுழலிலிருந்து வெளியே வந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

மூன்றே ஊர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் என்பது பக்கம், பேருந்து என்பது சுட்டி. பேருந்துத் தடங்கள் என் கற்பனை. கீரமங்கலத்திலிருந்து வடகாட்டுக்கு ஒரு பேருந்து, ஆலங்குடிக்கு ஒன்று. வடகாட்டிலிருந்து ஆலங்குடிக்கு மட்டும்தான் பேருந்து. ஆலங்குடியிலிருந்து கீரமங்கலத்துக்கு மட்டும். வேலை வெட்டி இல்லாத ஒரு பயணி தினம் ஒரு பேருந்து ஏறுகிறார். இரண்டு பேருந்து நின்றால் காசைச் சுண்டிப் பார்த்து ஏறுகிறார். ஆயிரம் நாள் இப்படி அலைந்தால் எந்த ஊரில் எத்தனை நாள் இருந்திருப்பார்?

கீரமங்கலத்தில் ஏறக்குறைய 400 நாள், வடகாட்டில் 200, ஆலங்குடியில் 400. சரிபார்த்துக்கொள்ளலாம். கீரமங்கலத்தில் இருந்த 400 நாளில் பாதி வடகாட்டுக்குப் போகும், அது 200. மீதிப் பாதி ஆலங்குடிக்கு. வடகாட்டின் 200-ம் அங்கேயே போய்ச் சேர, ஆலங்குடிக்கு 400. அந்த 400 அப்படியே கீரமங்கலத்துக்கு. கணக்கு தானாக மூடிக்கொள்கிறது. பயணி எந்த ஊரில் கிளம்பினாலும் கடைசியில் இதே எண்கள்தான் வரும். இப்படிப்பட்ட எண்கள் எப்போது நிச்சயமாகக் கிடைக்கும் என்பதை 1907-ல் பெரோனும் 1912-ல் ஃபிரோபீனியஸும் நிறுவிவிட்டார்கள். கணினியே இல்லாத காலத்துக் கணக்கு, இணையத்துக்காகக் காத்திருந்தது போல.

பயணி இருந்த நாள்கள்தான் ஊரின் மதிப்பு. இன்னொன்றையும் பாருங்கள். ஆலங்குடிக்கு இரண்டு ஊர்களிலிருந்து பேருந்து வருகிறது. கீரமங்கலத்துக்கு ஒன்றே ஒன்று. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஏனென்றால் கீரமங்கலத்தைச் சுட்டும் ஆலங்குடி பெரிய ஊர், அது தன் மதிப்பைப் பிரிக்காமல் முழுவதையும் ஒரே இடத்துக்கு அனுப்புகிறது. ஐம்பது பேரைச் சுட்டுகிறவரின் சுட்டியை விட, யோசித்து ஒருவரை மட்டும் சுட்டுகிறவரின் சுட்டி கனமானது. தளத்துக்குச் சுட்டி சேர்க்க அலைகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஊர்கள் தங்களுக்குள் மட்டும் பேருந்து விட்டுக்கொண்டால்? தெரியாமல் உள்ளே போன பயணி வெளியே வரவே முடியாது. எல்லா நாளும் அந்த இரண்டு ஊருக்கே போய்விடும். நீ எனக்கு, நான் உனக்கு என்று சுட்டி மாற்றிக்கொள்கிறவர்கள் இப்படி வலையின் மதிப்பை எல்லாம் உறிஞ்சிவிடலாம். அதற்காகத்தான் பேஜ்ரேங்கில் இன்னொரு விதியைச் சேர்த்தார்கள். பயணி நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை பேருந்தில் ஏறுவார். மீதிப் பதினைந்து தடவை எல்லா ஊர்ப் பெயரும் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, வந்த ஊருக்குப் போய்விடுவார். சராசரியாக ஆறேழு பேருந்துக்கு ஒருமுறை குலுக்கல். பொறியில் மாட்டினாலும் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார்.

ஆனால் அந்தக் குலுக்கலே வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. குலுக்கலில் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒன்றுமே எழுதாத வெற்றுப் பக்கத்துக்குக்கூட, துளி மதிப்பு விழும். பத்தாயிரம் வெற்றுப் பக்கங்களை உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்தைச் சுட்ட வைத்தால் அந்தத் துளிகள் ஓடையாகும். இப்படிச் சுட்டிப் பண்ணைகள் முளைத்தன. சொற்ப விலைக்கு ஆயிரம் பேக்லிங்க் என்று இன்றும் மின்னஞ்சலில் வருவது அந்தப் பண்ணை விளைச்சல்தான். கடை வைத்திருக்கும் எத்தனையோ எளிய மனிதர்கள் அதை நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதற்கு ஒரு மருந்தை 2004-ல் ஸ்டான்ஃபோர்டு, யாகூ ஆய்வாளர்கள் எழுதினார்கள். குலுக்கலில் எல்லா ஊர்ப் பெயரையும் போடாதே, மனிதர்கள் நேரில் பார்த்து நல்ல ஊர் என்று சொன்ன சில ஊர்களின் பெயரை மட்டும் போடு என்றார்கள். பயணி நம்பகமான இடத்திலிருந்து மட்டும் கிளம்புவதால், எந்த நல்ல ஊரும் பேருந்து விடாத பண்ணைப் பக்கம் அவர் போகவே மாட்டார். அடுத்த ஆண்டு, சுட்டலாம் ஆனால் மதிப்பை அனுப்பாது என்று குறிக்கும் நோஃபாலோ என்ற அடையாளம் வந்தது. விக்கிப்பீடியா 2007 முதல் தன் வெளிச்சுட்டிகளில் அதை வைத்திருக்கிறது. அங்கே போய் நம் தளத்தின் முகவரியைச் செருகுவது வீண் வேலை. 2012 ஏப்ரல் 24-ல் கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய சுட்டிகளால் மேலே நின்ற பல தளங்கள் கீழே இறங்கின. 2016 முதல் அது தளத்தைத் தண்டிப்பதை விட்டு, பொய்ச் சுட்டிகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வழிக்கு வந்தது. அதாவது கொடுத்த பணம் போனது போனதுதான்.

அளவுக்கு மீறிய சுட்டி மாற்றத்தைக் கூகுளின் விதிகள் வெளிப்படையாகவே முறைகேடு என்கின்றன. மொய்க்கும் சுட்டிக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மொய்யின் உயிரே அது திரும்பி வருவதில் இருக்கிறது. திரும்பாவிட்டால் உறவே முறியும். சுட்டி என்பது சாட்சி. எனக்கு நீ சாட்சி சொல், உனக்கு நான் சொல்கிறேன் என்றால் எந்தப் பஞ்சாயத்து ஒத்துக்கொள்ளும்?

தமிழ் இணையம் இந்த இரண்டையும் ஒரு காலத்தில் சேர்த்தே வைத்திருந்தது. 2004-ல் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்தபின் பதிவுகள் பெருகின. ஒருவர் பதிவில் போய்ப் பின்னூட்டம் எழுதுவதற்கு, ஓட்டுப் போடுவதற்கு ‘மொய் வைப்பது’ என்றே பெயர். 2015 அக்டோபர் 11-ல் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. பள்ளி ஆசிரியர்கள் பலர் ஓடியாடி நடத்திய விழா அது. பதிவர் கையேடு ஒன்றும் வெளியிட்டார்கள். அந்தக் கால வலைப்பதிவுகளின் ஓரத்தில் ‘நான் படிப்பவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் கேட்டு வைத்ததல்ல. பிடித்ததால் வைத்தது. அந்தப் பட்டியலைத்தான் நான் அசல் சுட்டி என்பேன். அந்த ஓட்டுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நாம் எல்லோரும் செய்த ஒரு பிழையும் உண்டு. ‘மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்’ என்று எழுதி, ‘இங்கே’ என்ற சொல்லில் சுட்டியைக் கட்டினோம். சுட்டி கட்டிய சொல்லைத் தேடுபொறி, அந்தச் சொல் இருக்கும் பக்கத்தோடு மட்டுமல்லாமல், போய்ச் சேரும் பக்கத்தோடும் சேர்த்துப் படிக்கும். பேஜும் பிரின்னும் 1998-லேயே இதை எழுதிவிட்டார்கள். நூலைப் படமாக எடுத்து ஏற்றிய பக்கத்தில் எந்திரம் படிக்க எழுத்து இல்லாமல் போகலாம். அப்போது வெளியிலிருந்து வரும் சுட்டியின் சொல்தான் அதற்கு முகவரி. ‘இங்கே’ என்பது ஊர் சொல்லாமல் எழுதிய மொய். ‘சித்தன்னவாசல் ஓவியங்கள்’ என்ற சொற்களிலேயே சுட்டியைக் கட்டினால், போய்ச் சேரும் பக்கம் எதைப் பற்றியது என்று எந்திரத்துக்குப் புரிந்துவிடும்.

இன்றைக்குக் கூகுள் பேஜ்ரேங்கை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவதில்லை. வேறு பல அளவைகளும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் பிறர் சாட்சி என்ற அடிப்படை போய்விடவில்லை. அந்தச் சாட்சியைக் கேட்காமலே எப்படிச் சம்பாதிப்பது?

ஓர் உதாரணம் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக்குப் போயிருந்தால் சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுர வரிசைகள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான கணிப்பு. உருத்திராச்சாரியாரின் மாணவரான ஓர் அரசர் செய்வித்தது என்று அதுவே சொல்கிறது. இந்திய இசையின் வரலாற்றை எழுதுகிற யாரும் இந்தப் பாறையைத் தாண்டிப் போக முடியாது. புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியர் அந்தப் பாறையைப் பகுதி பகுதியாகத் தெளிவாகப் படமெடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் சுரங்களைக் கொடுத்து, பாடியும் பதிந்து ஒரு பக்கம் போட்டால் போதும். இசை படிப்பவர் ஒரு காரணத்துக்காக, கல்வெட்டு படிப்பவர் வேறொரு காரணத்துக்காக, சுற்றுலா எழுதுபவர் மூன்றாவது காரணத்துக்காக அதைச் சுட்டியே ஆக வேண்டும். வேறு வேறு உலகங்களிலிருந்து வரும் சுட்டிகள் அவை. எந்தப் பண்ணையும் அவற்றை விளைவிக்க முடியாது.

மொய் நோட்டில் கொடுத்தவர் பெயர் அன்றைக்கே ஏறிவிடும். இதில் அப்படியில்லை. பக்கம் போட்ட ஆசிரியர் பல மாதம் கழித்து ஏதோ ஒரு நாள், தன் தளத்தை யார் சுட்டுகிறார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் ‘இணைப்புகள்’ என்ற பகுதியைத் திறப்பார். வரிசையாகச் சில தளப் பெயர்கள். ஒன்றைத் தட்டுவார். அவர் கேள்விப்பட்டிராத ஊரில், வீணை கற்றுத்தரும் யாரோ ஒருவர் மாணவர்களுக்காக எழுதிய பாடக் குறிப்பின் நடுவே, ‘குடுமியான்மலை இசைக் கல்வெட்டு’ என்ற மூன்று சொல் நீல நிறத்தில் அடிக்கோட்டோடு இருக்கும்.