உறையாத இரத்தம், அடைபட்ட சிறுநீரகம்

மூன்றாண்டுகளுக்கு முன், திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், வயலுக்குச் சென்ற என் பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் தீண்டியது. காலில் கயிற்றை இறுகக் கட்டி, மந்திரிப்பவரிடம் கொண்டுபோய், ஆறு மணி நேரத்தை வீணாக்கினோம். மருத்துவமனையை அடைந்தபோது ஈறுகளில் இரத்தம் கசிந்தது. மறுநாள் சிறுநீர் நின்றுபோயிற்று. உடலில் இரத்தம் உறையாமல் ஓடும்போது சிறுநீரகத்தில் மட்டும் அடைப்பு எப்படி வரும்? உயிரியல் பயிலும் எனக்கு இது நெடுநாள் புதிராகவே இருந்தது.

என் தந்தை பிழைப்புக்காகக் குடியேறிய மட்டாஞ்சேரியிலேயே இதற்கு ஓர் உவமை கிடைத்தது. இங்குள்ள மிளகுக் கிடங்கு ஒன்றின் சரக்கு முழுவதையும் ஒரே காலையில் எவனோ சந்துகளில் வாரி இறைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சந்துகள் அடைபடும், மாலையில் சரக்குக் கேட்டு வருபவருக்குக் கிடங்கில் ஒரு மணியும் இராது.

விரியன் நஞ்சு செய்வதும் இதுவே. இரத்தம் உறைவதற்கான ஐந்தாம், பத்தாம் காரணிகளை அது தூண்டிவிடுகிறது. காயமில்லாத இடங்களிலும் ஃபைப்ரின் இழைகள் உண்டாகின்றன. அவற்றின் மூலப் பொருளான ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோகிறது. பிறகு உண்மையான காயத்தில் இரத்தம் உறைய வழியில்லை. இதை அறியும் சோதனை எளியது. 2 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் ஆபத்து.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் பந்துபோல் சுருண்டு கிடக்கின்றன. இவையே நாம் சொன்ன சந்துகள். இத்தகைய நோயாளியின் சிறுநீரகச் சீவலுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிலரிடம் இப்பந்துகளுக்குள் ஃபைப்ரின் கட்டிகள் தெரியும். பெரும்பாலோரிடம், சிறுநீர் செல்லும் நுண்குழல்களின் உட்சுவர் அணுக்கள் தட்டையாகி, உதிர்ந்து, குழல்களை அடைத்துக் கிடக்கும். நஞ்சின் நேரடித் தாக்குதலும் இரத்த அழுத்தக் குறைவும் இதற்குத் துணை போகின்றன.

உதிர்ந்த அணுக்கள் மீண்டும் வளரக்கூடும். சில வாரங்கள் டயாலிசிஸ் செய்து பலர் நலம் பெறுகிறார்கள். ஆனால் சிறுநீரகத்தின் புறப்பகுதி முழுவதும் மாண்டுவிட்டால் மீள்வது அரிது. பெரியப்பாவுக்கு நேர்ந்தது இதுதான். இன்றும் வாரம் மூன்று நாள் அவர் டயாலிசிஸ் எந்திரத்தருகே படுத்திருக்கிறார்.

கேரளத்திற்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. மூக்கு நுனி மேடிட்ட குழிவிரியன் கடித்தாலும் இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம் என்பதை இம்மாநில நோயாளிகளைக் கொண்டு மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்காகச் செய்யப்படும் நம் நாட்டு முறிமருந்து இதற்குப் பலிப்பதில்லை.

முறிமருந்து இரத்தத்திலுள்ள நஞ்சை முறிக்கும். மாண்ட அணுவை எழுப்பாது. ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்: கட்ட வேண்டா, கீற வேண்டா, பாம்பைத் துரத்த வேண்டா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். நாங்கள் இழந்த ஆறு மணி நேரத்தை வேறொரு குடும்பம் இழக்க வேண்டா.